கல்வெட்டில் ஆட்பெயர்: பிரித்துப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சைப் பெரிய கோயிலின் நிருவாகத்தைப் பார்த்துவந்த அதிகாரி ஒருவரைக் கல்வெட்டு இப்படிக் குறிப்பிடுகிறது: ‘பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான்’. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத காலத்தில் ஓர் ஆளைத் தவறின்றிச் சுட்ட இவ்வளவும் வேண்டியிருந்தது. ஊர் வரலாறு எழுதப் புகுவோர் பலர் இதில் நடுவிலிருந்து ஒரு சொல்லை உருவி எடுத்துக்கொள்கிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான்.

இதைப் பிரிக்க முதலில் ‘ஆன’ எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பெரும்பாலும் அது முந்தைய சொல்லோடு ஒட்டி ‘சூரியனான’ என்று நிற்கும். அதற்குப் பின்னால் வருவது பட்டம் அல்லது மறுபெயர். அதற்கு முன்னால், கடைசியாக நிற்பதே அவருடைய இயற்பெயர்: சூரியன். அதற்கும் முந்தியது தந்தை பெயர்: ஆதித்தன். தொடக்கத்தில் இருப்பது ஊரும் நிலவுரிமையும். கிழவன், கிழான், உடையான் எல்லாம் உரிமையாளரைக் குறிப்பவை. கிழவன் என்றதும் வயது முதிர்ந்தவர் என்று எழுதிவிடக் கூடாது. தந்தைக்கும் மகனுக்கும் நடுவே ‘மகன்’ என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. நாம் இன்றும் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக முன்னால்தான் போடுகிறோம். வரிசை அதேதான்.

இந்த வரிசையை மாற்றிப் படித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழுவேட்டரையர் என்ற சிற்றரசர் குடியின் ஊரான பழுவூரின் கல்வெட்டுகளைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அங்கே ‘பழுவேட்டரையர் மறவன் கண்டனார்’ வருகிறார். ‘பழுவேட்டரையர் கண்டன் மறவன்’ என்பவரும் வருகிறார். ஒரே ஆளின் பெயரை எழுதியவர் முன்பின்னாகப் போட்டுவிட்டார் என்று நினைப்பது எளிது. ஆனால் இவர்கள் இருவர்: முன்னவர் மறவனின் மகன் கண்டன். பின்னவர் கண்டனின் மகன் மறவன், முதலாம் இராசராசன் காலத்தவர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரு குடியில் இரண்டு பெயர்கள் மாறிமாறி வந்துகொண்டே இருக்கும். இவர்களைப் பிரித்தறிய வரிசை மட்டும் போதாது. கல்வெட்டு எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும். ‘பழுவேட்டரையர்’ என்பது அக்குடித் தலைவர்கள் பலருக்கும் பொதுவாக வருவதால் ஆளைப் பிரிக்க அது உதவாது.

அடுத்தது, பெயரில் அரசன் பெயரைக் கண்டதும் அரச குடும்பம் என்று எழுதிவிடுவது. பெரிய கோயில் கல்வெட்டில் வரும் ‘வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன்’ சோழ இளவரசர் இல்லை, தச்சர். அவருடன் நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்று இன்னும் இருவர் இருக்கிறார்கள். நித்தவினோதன் இராசராசனின் விருது. கண்டராதித்தர் முந்தைய அரசர். படைத்தலைவர் கிருஷ்ணன் இராமன் ‘மும்முடிச்சோழ பிரமராயன்’ ஆனதும் இப்படித்தான். இந்தப் பட்டங்களுக்கு வேறொரு பயன் உண்டு: பட்டத்தில் உள்ள அரசன் பெயர் காலத்தின் கீழ் எல்லையைக் காட்டும். இராசராசன் பெயரில் பட்டம் பெற்றவர் அவர் அரியணை ஏறிய 985க்கு முன் அதைப் பெற்றிருக்க முடியாது. மேல் எல்லையை மட்டும் அதை வைத்துக் கணிக்காதீர்கள். அரசன் மறைந்த பிறகும் பட்டம் தொடர்ந்து வழங்கும்.

முன்னால் நிற்பதெல்லாம் தந்தை பெயர் என்றும் கொள்ளக் கூடாது. அதே கோயிலில் குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிக்கான பெண்கள்) பெயர்ப் பட்டியலில் பெயருக்குப் பெயர் முன்னால் ‘நக்கன்’ வருகிறது. அத்தனை பேருக்கும் ஒரே தந்தை இருந்திருக்க முடியாது. நக்கன் என்பது சிவனின் பெயர். கோயிலைச் சார்ந்தவர்கள் என்ற அடையாளம் அது. இவர்களைத் தனித்தனியே பிரிப்பது முகவரி: தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, இரண்டாம் வீடு என்று தெருவும் வீட்டு வரிசையும், முன்பு இருந்த கோயிலும் சொல்லப்படுகின்றன. ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் (பழைய முகத்தலளவை) நெல்லும் கொடுக்க வேண்டிய கணக்கு என்பதால் பெயர்க் குழப்பத்துக்கு இடம்வைக்க முடியாது. பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வீட்டை விட்டுவிட்டால் பட்டியலின் உயிரே போய்விடும்.

அரசியரைப் பொறுத்தவரை உறவுதான் அடையாளம். குந்தவையை ‘இராஜராஜ தேவர் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்’ என்கிறது கல்வெட்டு. தம்பி, கணவர், தந்தை மூவரும் இருக்கிறார்கள். இதில் வரும் பராந்தகன் மதுரையை வென்ற முதலாம் பராந்தகன் இல்லை. அவருடைய பேரன் சுந்தர சோழர், இரண்டாம் பராந்தகன். ‘செம்பியன் மாதேவி’ என்ற பெயரும் சோழ அரசியர் பலருக்கு உண்டு. ‘உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த’ (பெற்றெடுத்த) என்ற தொடர் இருந்தால்தான் கண்டராதித்தரின் தேவி என்று உறுதியாகச் சொல்லலாம்.

‘கோப்பரகேசரி’, ‘கோஇராசகேசரி’ இரண்டும் சோழர் மாறிமாறிச் சூடிக்கொண்ட பட்டங்கள். அவற்றை ஓர் அரசனின் பெயராக எழுதவே கூடாது. கூட வரும் செயலைப் பாருங்கள்: ‘மதிரை கொண்ட’ என்றால் முதலாம் பராந்தகன், ‘காந்தளூர்ச்சாலை கலமறுத்த’ என்றால் பெரும்பாலும் முதலாம் இராசராசன். செயல் எதுவும் இல்லாத வெறும் பரகேசரியை எழுத்தமைதி (எழுத்துகளின் வடிவம்), உடன் வரும் ஆட்பெயர்கள் ஆகியவற்றைக் கொண்டுதான் கணிக்க முடியும்.

சங்கப் பாடல்களுக்கு வரும்போது இன்னொரு எச்சரிக்கை தேவை. சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று இருவரை இறந்த இடத்தால் பிரிக்கிறது புறநானூறு. உயிரோடு இருந்தபோது யாரும் அவர்களை அப்படி அழைத்திருக்க முடியாது. இது பின்னால் வந்தவர்கள் இட்ட அடையாளம். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் போன்றவையும் அப்படியே: புலவரின் பெயர் தெரியாததால் பாடலின் தொடரையே பெயராக்கியிருக்கிறார்கள். இவற்றிலிருந்து அவர்களின் ஊரையோ குடியையோ ஊகிப்பது வீண்.

கரூர் அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு இதற்கு மாறாக, அதில் பெயர் வரும் சேரர்கள் வாழ்ந்த காலத்திலேயே வெட்டப்பட்டது. செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையை அது ‘மகன்’ என்ற சொல்லோடே தருகிறது. இங்கே தந்தைக்கும் மகனுக்கும் பெயர் கடுங்கோ தான். பெரு, இள என்பவையே இருவரையும் பிரிக்கின்றன. பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் இந்தப் பெருங்கடுங்கோனையும் சங்கப் புலவரான பாலை பாடிய பெருங்கடுங்கோவையும் ஒருவரே என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தக் குடியிலேயே கடுங்கோக்கள் ஒருவருக்கு மேல் இருந்தார்கள் என்பதை இந்தக் கல்வெட்டே காட்டுகிறது.