‘செட்டில்டு’ என்று இருக்கிறதா, பாருங்கள்

கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை என்பது தெரிந்ததுதான். ஆனால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு சிபில் தரும் கடன் அறிக்கையை மூடிவிடாதீர்கள். கட்டி முடித்த பழைய கடனுக்கு எதிரே ‘குளோஸ்டு’ என்று இருக்க வேண்டும். ‘செட்டில்டு’ என்றிருந்தால் பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடித்ததாக அர்த்தம். அடுத்த கடன் கேட்கும்போது அதுதான் இடிக்கும். நான் முழுசாகக் கட்டி முடித்த கிரெடிட் கார்டுக்கே அப்படிப் பதிந்திருந்தார்கள்! நல்லவேளை, பாக்கியில்லைச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

சிபில் தளத்திலேயே கட்டணமில்லாமல் திருத்தம் கேட்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. முழு அறிக்கை வருடத்துக்கு ஒரு முறை இலவசம். அப்புறம், நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.