பெட்டியில் பென்குயின் இருந்தால் போதாது

கோவையிலிருந்து வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் வழியில், வீட்டில் தமிழும் அரசு அலுவலகத்தில் மலையாளமும் பேசுகிற ஊர்கள் இருக்கின்றன. அங்கே கணினி பழுது பார்க்கிற எனக்கு ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரே கேள்வி வருகிறது: "பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடும் லினக்ஸ், எங்கள் வீட்டு மடிக்கணினியில் மட்டும் ஏன் வைஃபை இல்லை என்கிறது?" கேரளப் பள்ளிகளுக்காக 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, இன்று கைட் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைத் தன் பெயரிலேயே தருகிறது. பிள்ளைகள் படிப்பது அதில்தான். அப்பா கோவையில் வாங்கி வருவதோ, அன்றைக்குத் தள்ளுபடியில் கிடைத்த ஏதோ ஒன்று. பழி லினக்ஸ் மேல் விழுகிறது. தவறு கடையிலேயே நடந்து முடிந்துவிட்டது.

பெட்டியில் இருப்பதை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு. தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டியில் லினக்ஸின் சின்னமான பென்குயின் படம், அதன் கீழே பொடி எழுத்தில் "லினக்ஸ் 2.6 முதல் 4.4 வரை". லினக்ஸில் வேலை செய்யும் என்று அவர் அதைப் படித்திருந்தார். 2016க்குப் பிறகு எங்களைத் தேடாதீர்கள் என்று நான் படித்தேன்; லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 4.4 பதிப்பு வந்தது அந்த ஆண்டு ஜனவரியில். டாங்கிளைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர் குறுந்தகட்டில் இருந்தது. அதைச் செருக அவருடைய மடிக்கணினியில் இடமே இல்லை.

கெர்னலின் உள்ளமைப்பு அடிக்கடி மாறும். அப்படியே வைத்திருப்போம் என்று லினக்ஸை எழுதுகிறவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை, தெரிந்தே கொடுக்கவில்லை. கெர்னலோடு சேர்ந்த டிரைவர் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி: வீட்டை இடித்துக் கட்டுகிறவரே அவருக்கும் ஓர் அறை ஒதுக்கிவிடுவார். நிறுவனம் தனியாகத் தரும் டிரைவர் விருந்தாளி. ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் வந்து கதவைத் தட்ட வேண்டும், ஒருநாள் பூட்டு மாறியிருக்கும். ஆகவே "லினக்ஸுக்கு டிரைவர் உண்டா?" என்று கேட்காதீர்கள். "அது கெர்னலுக்குள் இருக்கிறதா, எந்தப் பதிப்பிலிருந்து?" என்று கேளுங்கள். ரியல்டெக்கின் சில யூஎஸ்பி வைஃபை சிப்புகளுக்கான ஆதரவு 2023இல் வந்த 6.2 கெர்னலில்தான் உள்ளே சேர்ந்தது. அதே டாங்கிள், பழைய பதிப்பில் வெறும் பிளாஸ்டிக்; புதியதில் செருகியவுடன் வேலை செய்யும்.

மாடல் பெயரை வைத்துத் தேடுவதும் வீண். பெயரும் பெட்டியும் அப்படியே இருக்க, இரண்டாம் பதிப்பில் உள்ளே இருக்கும் சிப்பை மாற்றிவிடுவார்கள். நண்பருக்கு ஓடியது உங்களுக்கு ஓடாது. பார்க்க வேண்டியது சிப்பின் அடையாள எண். கணினிக்குள் பொருத்திய பிசிஐ கருவிகளுக்கு எல்எஸ்பிசிஐ (lspci), யூஎஸ்பி கருவிகளுக்கு எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்ற கட்டளைகள் அதைக் காட்டும். முதல் பாதி நிறுவனம், அடுத்த பாதி சிப். இன்டெலின் நிறுவன எண் 8086. 1978இல் அவர்கள் வெளியிட்ட சிப்பின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள். அந்த முழு எண்ணைத் தேடினால் இரண்டே நிமிடத்தில் விடை கிடைக்கும்.

பிரிண்டர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம் என்கிற கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கதையே ஒரு பிரிண்டரில்தான் தொடங்குகிறது: எம்ஐடி ஆய்வகத்தில் ஜெராக்ஸ் பிரிண்டர் ஒன்றின் மூலநிரல் கிடைக்காமல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எரிச்சலடைந்தார், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதும் குனு திட்டத்தை 1983இல் அறிவித்தார். இத்தனை ஆண்டு கழிந்தும் நம் ஊரில் அக்ஷயா என்ற கேரள அரசின் இ-சேவை மையம் நடத்துகிறவர் அதே எரிச்சலில் இருக்கிறார். விலை குறைந்த லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் பக்கத்தை வரைந்து கொடுக்கும் வேலை கணினியின் தலையில் கட்டப்பட்டிருக்கும். அந்த வேலையைச் செய்யும் டிரைவரை நிறுவனம் மூலநிரல் இல்லாமல் தரும். நாளைக்கு நிறுவனம் கைவிட்டால் திருத்த ஆள் இல்லை. வாங்கும்போது பென்குயினைத் தேடாமல் "ஏர்பிரிண்ட்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிள் கருவிகளுக்காக வந்த ஏற்பாடுதான். ஆனால் அது உள்ள பிரிண்டரோடு லினக்ஸில் அச்சிடும் வேலையைப் பார்க்கும் கப்ஸ் மென்பொருள் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே பேசிவிடுகிறது.

புத்தம் புதிய மடிக்கணினியில் லினக்ஸின் பழைய பதிப்பைப் போடுவது இன்னொரு தவறு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 22.04 பதிப்பு வெளிவந்தபோது அதில் இருந்தது 5.15 கெர்னல், அதற்குப் பின் பிறந்த சிப்பை அது எப்படி அறியும்? 24.04 வந்தது 6.8 கெர்னலோடு. டிரைவரும் ஃபர்ம்வேரும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். டிரைவர் கணினியில் ஓடுவது. ஃபர்ம்வேர் அந்தக் கருவிக்குள் ஓடுவது. டிரைவர் கெர்னலில் இருந்தும், ஃபர்ம்வேர் கோப்பு இல்லாததால் வைஃபை படுத்துவிடும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையை உருவாக்குகிறவர்கள் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, மறு ஆண்டு வந்த டெபியன் 12இலிருந்து கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் நிறுவல் வட்டிலேயே சேர்த்துவிட்டார்கள்.

கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும்போது வெளி டிரைவர் போட்டால், கணினி மறுபடி தொடங்குகையில் ஒரு நீலத்திரை வந்து சாவியைப் பதியவா என்று கேட்கும். பயந்துபோய்த் "தொடர்க" என்று அழுத்திவிடுவார்கள். பிறகு டிரைவர் இருந்தும் இல்லாத கதைதான்.

நிறுவனங்களைப் பற்றிய பழைய அபிப்பிராயங்களையும் தூசி தட்டிப் பார்க்க வேண்டும். 2012இல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், வரைகலை அட்டை செய்யும் என்விடியாவைத் திட்டியதை இன்றும் வேதவாக்காகச் சொல்கிறவர்கள் உண்டு. 2022 மே மாதம் அதே நிறுவனம் புதிய தலைமுறை அட்டைகளுக்கான கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. மேலே ஓடும் பகுதி இன்னும் மூடியே இருக்கிறது. ஆகவே பாராட்டுப் பத்திரம் எழுத நான் அவசரப்படவில்லை. ஏஎம்டி 2007இலேயே வரைகலை சிப்புகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. என்னைக் கேட்டால், விளையாட்டுக்காக அல்லாமல் படிப்புக்கு வாங்குகிறவர்கள் இன்டெல் அல்லது ஏஎம்டி வரைகலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது லினக்ஸ் போட்ட பென் டிரைவ் ஒன்றை எடுத்துப் போங்கள். எதையும் நிறுவாமல், அதிலிருந்தே கணினியைத் தொடங்கி வைஃபை, ஒலி, மைக், கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பது வரை பார்த்துவிடலாம். கடைக்காரர் முறைப்பார். போன மாதம் அந்தத் தோப்புக்காரரின் மகள் அப்படித்தான் காந்திபுரத்துக் கடை ஒன்றில் நான்கு மடிக்கணினிகளைத் திறக்கச் சொன்னாள். மூன்றாவதில் வைஃபை வரவில்லை. நான்காவதை வாங்கிக்கொண்டு அன்று மாலையே பஸ் ஏறிவிட்டார்கள்.