டைல்ஸ் இடுக்கில் கறையா? ஆசிட்டைக் கீழே வையுங்கள்

பெருங்குடியில் எங்கள் அடுக்ககத்து நீச்சல் குளத்தை என் தலையில் கட்டி நாலு வருஷமாகிறது. ஒரு லட்சம் லிட்டர் குளம். பாதி போர் தண்ணீர், பாதி லாரித் தண்ணீர். முதல் கோடையிலேயே நீல டைல்ஸுக்கு நடுவில் இடுக்கை அடைத்து வெள்ளையாக இருந்த கிரௌட், டீக்கடை பெஞ்சு மாதிரி பழுப்பேறிவிட்டது. "ஆசிட் அடிச்சா ஒரே நாள்ல போயிடும் மேடம்" என்றார் சுத்தம் செய்ய வந்தவர். சரி என்றேன். கறை போனது, கூடவே கிரௌட்டும் போனது. நகத்தால் கீறினால் மணலாக உதிர்ந்தது. அப்புறம் அந்தப் பள்ளங்களில் பாசி குடியேறியது.

கிரௌட் என்பது சிமெண்ட். அமிலம் அதைத் தின்னத்தான் செய்யும். அதனால் முதல் வேலை, கறை எதனால் வந்தது என்று பார்ப்பது.

பழுப்பு, துரு நிறம் என்றால் இரும்பாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் விட்டமின் சி மாத்திரை வாங்கிப் பொடித்து, பழைய சாக்ஸில் கட்டி, கறை மேல் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் மட்டும் வெளுத்தால் இரும்புதான். வெளுக்கவில்லையா? வேறு இடத்தில், வேறு சாக்ஸில், கையுறை போட்டுக்கொண்டு குளோரின் மாத்திரையை வைத்துப் பாருங்கள். வெளுத்தால் பாசி அல்லது இலைச் சாறு. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. குளோரினும் அமிலமும் சேர்ந்தால் விஷ வாயு கிளம்பும்.

நீர்மட்டக் கோட்டில் வெள்ளையாக மொறமொறவென்று படிந்தது சுண்ணாம்பு. வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். ஆனால் சொட்டை டைல்ஸ் முகத்தில் விடுங்கள். கிரௌட் மேல் விட்டால் சிமெண்டே நுரைத்து ஏமாற்றும். நீலப் பச்சைக் கறை பெரும்பாலும் தாமிரம். பாசிக்கு மயில்துத்தம் போடுகிற குளங்களில் பார்க்கலாம். எங்கள் ஆழமில்லாத பக்கத்தில் ஒரு கறை அச்சு அசலாகக் கொண்டை ஊசி வடிவில் இருந்தது. யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை!

இரும்புக் கறைக்கு: குளோரின் போடுவதை நிறுத்தி, டெஸ்ட் கிட்டில் அளவு பூஜ்ஜியத்துக்குப் பக்கம் வரும்வரை காத்திருங்கள். அதுவரை யாரையும் இறங்க விடாதீர்கள். பிறகு 40,000 லிட்டருக்கு அரை கிலோ கணக்கில் அஸ்கார்பிக் ஆசிட் பொடியை, அதாவது அதே விட்டமின் சி-யை, ஓரமாகத் தூவி, பம்பை ஓட விடுங்கள். இதுவும் அமிலம்தான், ஆனால் அவ்வளவு தண்ணீரில் கலந்துவிடுவதால் கிரௌட்டை அரிக்காது. எங்களுக்கு ஒன்றேகால் கிலோ ஆனது. மறுநாள் காலை இடுக்குகள் பளிச்சென்று இருந்தன. அந்தச் சந்தோஷத்தில் உடனே நிறையக் குளோரின் போட்டேன். ராத்திரிக்குள் அதே பழுப்பு! கரைந்த இரும்பு தண்ணீரிலேயே இருக்கிறது, குளோரின் பட்டதும் திரும்பப் படிகிறது. உலோகத்தைப் பிடித்து வைக்கும் சீக்வெஸ்ட்ரன்ட் திரவத்தை முதலில் ஊற்றி, குளோரினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் இறங்கியிருக்கும், சோடா ஆஷ் போட்டு 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் நிறுத்துங்கள்.

பாசிக்குத் தேய்ப்பும் குளோரினும் போதும். கறுப்புப் பாசிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ். சாதாரண இரும்பு பிரஷ் வேண்டாம், உதிரும் கம்பித் துணுக்கு துருப்பிடித்துப் புதுக் கறையாகும். சுண்ணாம்புக்கு நீர்மட்டத்தை அரை அடி இறக்கி, வினிகரைத் துணியில் நனைத்து டைல்ஸ் மேல் மட்டும் ஒட்டி வைத்து, சுரண்டி, உடனே கழுவுங்கள்.

என் கிரௌட் மாதிரி உதிர ஆரம்பித்துவிட்டால் வேறு வழியில்லை, பழையதைக் கிளறி எடுத்து, சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி என்ற பிசின் கிரௌட் அடிக்க வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் கறையும் ஆசிட்டும் அதில் சுலபத்தில் ஏறாது. குளத்தைக் காலி செய்வதென்றால் ஏப்ரல், மே மாதம் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலிக் குளத்தைக் கீழிருந்து தண்ணீர் தூக்கி விரிசல் விட வைக்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அந்தப் பயம் ரொம்பவே உண்டு. கோடைச் சூட்டில் எபாக்ஸி சீக்கிரம் இறுகும். காலை ஏழு மணிக்கே ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, டைல்ஸில் ஒட்டியதை அப்போதைக்கப்போதே துடைத்துவிட வேண்டும். மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட ஒரு கை அகலத் திட்டு இன்னும் இரண்டாவது படியில் இருக்கிறது.

இப்போதெல்லாம் லாரி வந்ததும் வெள்ளை பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கால் மணி நேரம் வைக்கிறேன். டிரைவர் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே நிற்பார். டீ டிகாஷன் நிறம் வந்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, அந்த லாரி செடிகளுக்கு.