"நம் ராஜா யார், தம்பி?": சரித்திரப் போர்ப் படத்துக்குக் கருத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் 30 அன்று 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வெளியானது. மதுரையில் டிக்கெட் கிடைத்த ஏதோ ஒரு தியேட்டரில் முதல் நாளே பார்த்தேன். அன்றிரவே ஒரு சிறுபத்திரிகைக்கு விமர்சனமும் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் வரும் கடற்சண்டையில் யார் யாரோடு மோதுகிறார்கள் என்றே தெரியவில்லை, ஒளிப்பதிவு கோட்டை விட்டுவிட்டது என்று அதில் தீர்ப்பும் சொல்லியிருந்தேன்.

பத்து நாள் கழித்து உறவினர்களோடு வேறொரு தியேட்டரில் அதே படத்தைப் பார்க்க நேர்ந்தது. புயலில் ஆடும் கப்பல், கயிறுகள், மனிதர்கள் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. கோட்டை விட்டவன் நான்தான். அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்குத்தான் பிறகு ரவி வர்மனுக்குத் தேசிய விருது கிடைத்தது. விருது வாங்கியதாலேயே என் கருத்து தவறாகிவிடாது. நான் பார்த்தது அவர் எடுத்த படமே இல்லை என்பதுதான் சிக்கல். முதல் தியேட்டரின் புரொஜெக்டர் காட்டிய மங்கலைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளரைத் திட்டியிருக்கிறேன்.

டிஜிட்டல் சினிமாவில் திரையின் வெளிச்சத்துக்கு ஓர் அளவு உண்டு. வெறும் வெள்ளைத் திரையின் நடுவில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். புரொஜெக்டருக்குள் எரியும் செனான் விளக்கு பழசாகப் பழசாக வெளிச்சம் இறங்கிக்கொண்டே போகும். விளக்கை மாற்றச் செலவு அதிகம் என்பதால் சிலர் இழுத்தடிப்பார்கள். முப்பரிமாணப் படத்துக்குப் பொருத்திய கருவியைக் கழற்றாமல் சாதாரணப் படத்தை ஓட்டினாலும் இதே கதிதான். பகல் காட்சி இதைத் தாங்கிக்கொள்ளும். இடைக்காலப் போர்ப் படங்களிலோ தீப்பந்தமும் புகையும் இரவும் மழையும்தான் பாதிப் படம். மங்கல் விளக்கு அங்கேதான் காலை வாரிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கத் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படத்துக்கு முன் விளம்பரங்கள் வரும்போதே வெள்ளை நிறத்தைக் கவனியுங்கள். மதுரை விளக்குத்தூண் கடைத்தெருவில் அன்று காலை வாங்கிய வேட்டி போல் இருக்க வேண்டிய வெள்ளை, மூன்று மாதம் சலவைக்குப் போகாத வேட்டி போல் இருந்தால் "ஒளிப்பதிவு இருட்டு" என்று எழுதாதீர்கள். வசனம் கேட்கவில்லை என்ற புகாரும் இப்படித்தான். வசனத்தின் பெரும்பகுதி திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. அது நோயாளியாக இருந்தால் முரசு மட்டும் கேட்கும், மன்னர் பேசுவது கேட்காது. பழி இசையமைப்பாளர் தலையில் விழும்.

நம் ராஜா, அவர்கள் ராஜா

அந்த இரண்டாவது தியேட்டரில் என் பக்கத்து இருக்கையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பேரனோடு வந்த ஒரு பெரியம்மா இருந்தார். படம் தொடங்கி வெகுநேரம் ஆன பிறகு என் பக்கம் குனிந்து, "இதில் நம் ராஜா யார், தம்பி?" என்று கேட்டார்.

"தலை போனதே, அவர்தான் பெரியம்மா."

அவர் மடியில் இருந்த முறுக்குப் பொட்டலத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டார்.

மதுரையில் அந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பில் இந்த மனத்தாங்கல் ஓரமாக இருந்துகொண்டேதான் இருந்தது. சோழர் கதையான அந்தப் படத்தில் பாண்டியர் என்றால் காட்டில் பதுங்கிச் சோழ இளவரசனைக் கொல்லத் திட்டம் போடுகிறவர்கள். மீனாட்சி ஊர்க்காரனுக்கு உறுத்தத்தான் செய்யும். அந்த உறுத்தலைச் சொல்வதில் தவறே இல்லை. அது ஒரு பார்வையாளனின் நேர்மையான எதிர்வினை. அதிலிருந்து இரண்டு பக்கமும் தாவுகிறோமே, அங்கேதான் வழுக்குகிறது. ஒருவர் "வரலாற்றைத் திரித்துவிட்டார்கள்" என்கிறார். இன்னொருவர் "நடந்ததைத்தானே காட்டினார்கள்" என்கிறார். இருவரும் கல்வெட்டைப் பார்க்கவில்லை.

காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினர்களின் சொத்து பறிமுதலானதைப் பற்றிய ஆவணம் அது. ரவிதாசனின் பட்டம் பஞ்சவன் பிரமாதிராஜன். பஞ்சவன் என்பது பாண்டியனுக்குரிய பெயர். சரி, பாண்டியன் ஆள்தான் என்று முடிவு கட்டப்போனால், அவன் தம்பி பரமேசுவரனின் பட்டம் இருமுடிசோழ பிரமாதிராஜன். அது சோழர் பெயர் தாங்கிய பட்டம். எதற்காகக் கொன்றார்கள் என்று கல்லில் ஒரு சொல் கிடையாது. பாண்டியனுக்காகப் பழி தீர்த்தார்கள் என்பது 1950 முதல் 1954 வரை தொடர்கதை எழுதிய கல்கி அந்த இடைவெளியில் நட்ட கற்பனை. அருமையான கற்பனைதான், ஆனால் கற்பனை. படம் அந்த நாவலை எடுத்தது. ஆகவே வழக்கு இருந்தால் அதை நாவலின் மீது போடுங்கள். இல்லாவிட்டால் நாவலைக் கேள்வி கேட்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது ஏன் என்று இயக்குநரைக் கேளுங்கள். அது நல்ல கேள்வி.

கல்வெட்டு கிடைத்துவிட்டது என்பதற்காக அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கொல்லப்பட்ட அந்தக் கரிகால சோழனின், அதாவது ஆதித்த கரிகாலனின், கல்வெட்டுகள் அவனை 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்கின்றன. அதே வீரபாண்டியனின் கல்வெட்டுகள் 'சோழன் தலைகொண்ட வீரபாண்டியன்' என்கின்றன. தலைகொள்வது என்றால் வெட்டியதா, பணிய வைத்ததா என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. அரசர்களின் கல்வெட்டுப் புகழ்ச்சி என்பது ஏறக்குறைய நம் ஊர்ச் சுவரொட்டி மாதிரி. மதுரைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

எந்தப் பிழை முக்கியமான பிழை

சரித்திரப் படம் வந்தால் பிழை பொறுக்குவதற்கென்றே ஒரு கூட்டம் கிளம்புகிறது. நானும் அதில் உண்டு, மறுக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டு விருந்தில் மிளகாய் தெரிந்தால் சிரிப்போம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வந்த பிறகு இங்கே வந்த சரக்கு. பழைய பாண்டியர் மதுரையைக் காட்டுவதற்கு இன்றைய தெற்குக் கோபுரத்தைக் கணினியில் நிறுத்தினால் அதுவும் தவறு. அந்தக் கோபுரம் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிழக்குக் கோபுரமே பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்ததுதான். பாண்டியன் அரசவை என்று திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைக் காட்டினால், அது 1636 வாக்கில் கட்டிய அரண்மனை.

இதையெல்லாம் பட்டியல் போட்டுவிட்டு "ஆகவே படம் மோசம்" என்று முடிப்பதில்தான் சறுக்கல். பிழை கதையின் முதுகெலும்பைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். 1995-இல் வந்த 'பிரேவ்ஹார்ட்' சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது. அதில் ஸ்காட்லாந்து வீரர்கள் கட்டியிருக்கும் கட்டம் போட்ட பாவாடை அந்தக் காலத்து உடை இல்லை என்று எல்லோரும் குறை சொல்வார்கள். சொல்லட்டும், அதனால் கதை மாறிவிடவில்லை. ஆனால் 1297-இல் நடந்த ஸ்டெர்லிங் பாலப் போரைப் பாலமே இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். உண்மையில் குறுகலான பாலத்தில் ஆங்கிலப் படை கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்துகொண்டிருந்தபோது, பாதிப் படை இந்தப் பக்கம் வந்ததும் ஸ்காட்லாந்துக்காரர்கள் பாய்ந்தார்கள். சின்னப் படை பெரிய படையை வென்ற சூட்சுமமே அந்தப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் வெற்றிக்குக் காரணம் வீரம் மட்டும் என்றாகிவிடுகிறது. இது பேச வேண்டிய பிழை. வைகையில் மேம்பாலம் இல்லாமல் கோரிப்பாளையத்துப் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்!

'பாகுபலி'யோடு ஒப்பிடுவதைப் பற்றி ஒரு வரி போதும். மகிழ்மதி கற்பனை நாடு. அங்கே பனைமரத்தை வளைத்து வீரர்களைக் கோட்டைக்குள் எறியலாம். தஞ்சாவூர்ப் படையிடம் அதே வித்தையை எதிர்பார்ப்பது கொத்துப் பரோட்டாக் கடையில் பொங்கல் கேட்பது.

நாவலில் இருப்பது படத்தில் இல்லை என்பது அடுத்த குறை. ஐந்து பாகம், நான்கு ஆண்டுத் தொடர். வாராவாரம் அத்தியாயக் கடைசியில் ஒரு கதவு தட்டப்படும், ஓர் உருவம் தெரியும். வாசகர் ஒரு வாரம் தவிப்பார். திரையில் அந்தத் தவிப்புக்கு இடமே இல்லை, அடுத்த நொடியில் கதவு திறந்துவிடும். நாவலில் வரும் மணிமேகலை என்ற பெண்ணைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று என் அக்கா இன்னும் கோபமாக இருக்கிறார். அக்காவிடம் நான் கேட்டது, "அவள் இல்லாததால் எந்தக் காட்சி புரியவில்லை?" என்பதுதான். யோசித்துவிட்டு, "புரிந்தது, ஆனால் அழுகை வரவில்லை" என்றார். நான் அந்த வாரம் கேட்ட கருத்துகளில் சிறந்தது அதுதான்.

"செந்தமிழ் போதவில்லை" என்பவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை குறைவு. பத்தாம் நூற்றாண்டில் மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு ஒலிப்பதிவு இல்லை. நாம் எதிர்பார்க்கும் அரசவைத் தமிழ் நாடக மேடையிலிருந்து வந்தது. 1952-இல் மதுரையில் திறந்த தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து கைதட்டிப் பழகிய தமிழ் அது. அது பிடிக்கும் என்று சொல்லலாம். அதுதான் சோழர் தமிழ் என்று சொல்லக் கூடாது.

முதல் நாள் தீர்ப்பு நிலைக்காது என்பதற்கு உள்ளூரிலேயே சான்று இருக்கிறது. சோழர் கனவை வைத்து 2010 பொங்கலுக்கு வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' அப்போது பலருக்குப் புரியவில்லை. பிறகு அதே படத்தைத் தேடிப் பார்த்துக் கொண்டாடுகிறார்கள். படம் மாறவில்லை, பார்க்கிறவர்கள் மாறினார்கள். சில சமயம் படமே மாறிவிடும். சிலுவைப் போரைப் பற்றி ரிட்லி ஸ்காட் எடுத்த 'கிங்டம் ஆஃப் ஹெவன்' 2005-இல் 144 நிமிடப் படமாகத் தியேட்டருக்கு வந்தது. விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பின்னர் இயக்குநரின் தொகுப்பு 194 நிமிடத்தில் வந்தது. இளவரசி சிபில்லாவின் மகனைப் பற்றிய கிளைக்கதையையே முதலில் வெட்டி எறிந்திருந்தார்கள் என்பது அப்போது தெரிந்தது. மகன் திரும்பி வந்ததும் தாயின் நடவடிக்கைகளுக்கு அர்த்தம் வந்தது. எனவே நீளமான போர்ப் படத்தைப் பற்றி எழுதும்போது எந்தத் தொகுப்பைப் பார்த்தீர்கள், எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வசூல் எண்ணைத் தரத்துக்குச் சான்றாகக் காட்டும் பழக்கத்தைப் பற்றி நான் சொல்லி யாரும் நிறுத்தப்போவதில்லை.

பெரியம்மாவை மறந்துவிடவில்லை. விளக்கு எரிந்ததும், "அடுத்த பாகத்திலாவது நம் ஆள் ஜெயிப்பாரா?" என்று கேட்டார். இன்னும் இருநூற்றைம்பது வருடம் பொறுக்க வேண்டும் என்றேன். 1216-இல் பட்டம் ஏறிய மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழ நாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தியதையும், பிறகு நாட்டைச் சோழனிடமே திருப்பிக் கொடுத்து 'சோணாடு வழங்கியருளிய' என்று பட்டம் சூட்டிக்கொண்டதையும் சொன்னேன்.

"கொளுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாரா?" என்றார் பெரியம்மா, இருக்கைக்கு அடியில் செருப்பைத் துழாவிக்கொண்டே. "அவர் படம் எப்போது வருகிறது?"