அதிபரும் மாமன்னரும்: பேச்சில் நாம் விடும் தவறுகள்

2023 செப்டம்பரில் தர்மன் சண்முகரத்தினம் 70.4 விழுக்காட்டு வாக்குகளோடு சிங்கப்பூர் அதிபரானபோது, இங்கே கோலாலம்பூரில் வாட்சாப்பைத் திறந்தாலே வாழ்த்துதான். அதில் பாதி, இனி சிங்கப்பூரை ஒரு தமிழர் ஆளப்போகிறார் என்கிற மாதிரி. பெருமைப்பட வேண்டிய செய்தி, சந்தேகமே இல்லை. ஆனால் ஆள்வது அவர் வேலை இல்லை.

அங்கே ஆட்சி பிரதமரிடம் இருக்கிறது. அதிபரிடம் இருப்பது பெட்டகத்தின் இரண்டாவது சாவி. முந்தைய அரசுகள் சேர்த்துவைத்த இருப்பில் கைவைக்க வேண்டுமானால் அவர் சம்மதம் வேண்டும். முக்கியப் பதவி நியமனங்களுக்கும் அப்படித்தான். 2009 பொருளாதார நெருக்கடியில் அரசு அந்த இருப்பிலிருந்து 490 கோடி வெள்ளி கேட்டது. அப்போதைய அதிபர் எஸ்.ஆர். நாதன் இசைந்த பிறகே எடுக்க முடிந்தது. எதற்குச் செலவழிப்பது என்று திட்டம் போட்டது அரசு, அவர் இல்லை.

மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டால் அதிகாரமும் கூடவே வந்துவிடும் என்ற நினைப்புதான் இந்தக் குழப்பத்துக்கு வேர். இலங்கையிலும் ஓட்டு நேரடிதான். ஆனால் 1978 அரசியலமைப்பின்படி அங்கே ஜனாதிபதியே அமைச்சரவைக்குத் தலைவர், முப்படைக்கும் தளபதி. 2022 ஜூலையில் ஜனாதிபதி கோத்தபாய விலகியதும் ரணிலைத் தேர்ந்தெடுத்தது மக்கள் அல்ல, நாடாளுமன்றம். அதற்காக அவர் நாற்காலியின் பலம் குறைந்துவிடவில்லை.

இந்தியக் குடியரசுத் தலைவர் விஷயத்தில் தவறு நேர் எதிர்ப்பக்கம் போகிறது: 'வெறும் ரப்பர் ஸ்டாம்ப்பா!' அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும், அது சரி. ஆனால் ஒரு மசோதாவை மறுபடி யோசிக்கச் சொல்லி ஒருமுறை திருப்பி அனுப்பலாம். 2006இல் அப்துல் கலாம் ஆதாயப் பதவி மசோதாவை (ஆதாயம் தரும் வேறு பதவி வகிக்கும் எம்.பி.க்களின் இடம் பறிபோகாமல் காப்பது) அப்படித் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதையே மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. அப்புறம் கையெழுத்துப் போடுவதைத் தவிர அவருக்கு வழி இல்லை. அவருக்கு முன்பே ஜெயில் சிங் இன்னொரு வழி கண்டிருந்தார். 1986 அஞ்சல் மசோதாவில் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. கெடு எதுவும் எழுதப்படாததால் மசோதா அப்படியே கிடந்தது. கெட்டிக்காரத்தனம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மலேசியாவில் அது நடக்காது. தமிழ்நாட்டு ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைத்த செய்தியைப் பார்த்துவிட்டு, நாட்டின் தலைவரான நம் மாமன்னரும் அப்படிச் செய்யலாம் என்று பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைக் கடையில் வாதாடுகிறவர்கள் மலேசிய அரசியலமைப்பின் 66ஆவது விதியைப் படிக்க வேண்டும். மாமன்னரிடம் போன மசோதா 30 நாளில் ஒப்புதல் பெறாவிட்டாலும் சட்டமாகிவிடும்.

அதற்காக மாமன்னர் அலங்காரப் பதவி என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. யாரைப் பிரதமராக்குவது என்பதில் அவருக்கு யாரும் ஆலோசனை சொல்ல முடியாது. மக்களவையில் பெரும்பான்மை ஆதரவு யாருக்கு இருக்கக்கூடும் என்று அவர் கணிக்கிறாரோ அவரை நியமிக்கலாம். 43ஆவது விதி அப்படித்தான் சொல்கிறது. 2020 பிப்ரவரியில் பிரதமர் மகாதீர் விலகியபோது, மாமன்னர் மக்களவை உறுப்பினர்களை இஸ்தானா நெகாரா அரண்மனைக்கு வரவழைத்து இரண்டு நாள் ஒவ்வொருவராகச் சந்தித்து, யாருக்கு ஆதரவு என்று கேட்டார். மார்ச் 1ஆம் தேதி முகிதீன் பிரதமராகப் பதவியேற்றார். அதிக இடம் பிடித்த கட்சியின் தலைவர்தான் பிரதமர் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 2022 நவம்பரில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 இடம் கிடைக்கவில்லை. தனிக்கட்சியாகப் பார்த்தால் முதலிடம் பாஸ் கட்சிக்கு, பிரதமரானது வேறு கட்சித் தலைவரான அன்வார்.

பினாங்குக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் ஒன்று: 'மாமன்னரைத் தேர்ந்தெடுக்கும்போது நம்ம ஆளுநரும் ஓட்டுப் போடுவார்தானே?' மாட்டார். சுல்தான்களும் ஆளுநர்களும் கூடும் ஆட்சியாளர்கள் மாநாட்டில் 13 மாநிலங்களுக்கும் இடம் உண்டு. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்தத் தேர்வில் ஒன்பது மலாய் ஆட்சியாளர்கள் மட்டுமே ரகசியமாக வாக்களிப்பார்கள். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் தலைவர்களுக்கு வாக்கும் இல்லை, போட்டியும் இல்லை. பினாங்கு ஆளுநரை நியமிப்பதே மாமன்னர்தான், முதலமைச்சரைக் கலந்துபேசிய பிறகு.

குடும்பங்களுக்கு நேரடியாக அலைச்சல் வைக்கும் தவறு மன்னிப்பு மனுவில் இருக்கிறது. மன்னிப்பு என்றாலே மாமன்னர் என்று நினைத்து எல்லாரும் கோலாலம்பூரைப் பார்க்கிறார்கள். கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களில் நடந்த குற்றங்களும் ராணுவ நீதிமன்ற வழக்குகளும்தான் மாமன்னரிடம் போகும். மாநிலத்தில் நடந்த குற்றம் என்றால் அந்த மாநில சுல்தான் அல்லது ஆளுநர். பட்டர்வொர்த்தில் நடந்த வழக்குக்கு மனு பினாங்கு ஆளுநர் பெயருக்கு, அந்த மாநில மன்னிப்பு வாரியத்துக்குப் போக வேண்டும்.