செய்ய நினைத்ததை உரிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவருவது எப்படி?

மாலையில் வீடு திரும்பும்போது மருந்துக்கடையில் மாத்திரை வாங்க வேண்டும் என்று காலையில் நினைத்துக்கொண்ட ஒருவர், அதே கடை வாசல் வழியாக நடந்து வந்து, வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றும்போது தலையில் அடித்துக்கொள்கிறார். வழியில் யாராவது நிறுத்தி, "என்ன வாங்க வேண்டும்?" என்று கேட்டிருந்தால் மாத்திரையின் பெயரைக்கூடச் சொல்லியிருப்பார். ஆகவே செய்தி அழிந்துபோகவில்லை. யாரும் கேட்காத நிலையில், கடையைக் கண்ட அந்த நொடியில் தானாக எழ வேண்டியது எழவில்லை. உளவியலில் இத்தகைய நினைவுக்கு எதிர்நோக்கு நினைவு என்று பெயர் சொல்லலாம்.

இதில் மூளைக்கு இரண்டு வேலைகள் உள்ளன. என்ன செய்ய வேண்டும் என்பதைச் சேமித்து மீட்டுத் தருவதில், நினைவுகளைப் பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸுக்கு முக்கியப் பங்குண்டு. வேறொரு வேலையில் மூழ்கியிருக்கும்போதே அந்த எண்ணத்தைப் பின்னணியில் உயிரோடு வைத்திருந்து, தருணம் வந்ததும் கவனத்தைத் திருப்புவதற்கு, நெற்றிக்கு நேர் பின்னால் இருக்கும் முன்மடலின் நுனிப்பகுதி பெரிதும் தேவைப்படுகிறது. பிராட்மன் என்பவர் எண்ணிட்டு வகுத்த மூளை வரைபடத்தில் இது 10 ஆம் பகுதி. நரம்பு உளவியலாளர்களான டிம் ஷாலிஸும் பால் பர்ஜெஸும் 1991 இல் வெளியிட்ட ஆய்வில், முன்மடலில் காயமுற்ற மூன்று பேரைக் கடைவீதிக்கு அழைத்துச்சென்று சில எளிய வேலைகளைச் செய்து வரச் சொன்னார்கள். அறிவுத்திறன் தேர்வுகளில் நன்றாகச் செய்த அம்மூவரும், சில பொருள்களை வாங்கி, சில விவரங்களைக் கேட்டு வருவது போன்ற அந்த வேலைகளில் தடுமாறினார்கள். மறதிக்காரரைப் பார்த்து "உனக்கு ஞாபகசக்தி போதாது" என்று சொல்வது பல நேரங்களில் தவறான நோயறிதல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எண்ணத்தை விடாமல் மனத்தில் பிடித்துக்கொண்டே இருப்பதும் ஒரு வழிதான். ஆனால் அப்படிக் காவல் காப்பதற்குக் கவனம் செலவாவதால் கையில் இருக்கும் வேலை மந்தமாகும். அந்தக் காவலை மூளைக்கு வெளியே உள்ள நினைவூட்டும் ஒரு குறியிடம் ஒப்படைப்பதே சிக்கனமானது.

முதலில், நேரத்தை நம்பியிருக்கும் வேலையை ஒரு நிகழ்ச்சியோடு கட்டிவிடுங்கள். "இருபது நிமிடம் கழித்து அடுப்பை அணைக்க வேண்டும்" என்றால் நாமேதான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "மூன்று விசில் வந்ததும் அணைக்க வேண்டும்" என்றால் குக்கரே நம்மைக் கூப்பிட்டுவிடும். பருப்பு கருகாத வீட்டிலும் பால் பொங்கி வழிவது இதனால்தான்: பாலுக்கு விசில் இல்லை. மாத்திரைக்கும் இதே உத்தி பொருந்தும். "இரவு எட்டு மணிக்கு" என்பதைவிட "சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்ததும்" என்பது உறுதியான குறி.

அடுத்து, அந்தக் குறியையும் செயலையும் ஒரே வாக்கியத்தில் இணைத்து, வாய்விட்டு ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள்: "பேருந்திலிருந்து இறங்கி அந்த மருந்துக்கடையின் பச்சைப் பலகையைப் பார்த்ததும் உள்ளே நுழைவேன்." ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இத்தகைய "இது நேர்ந்தால் இதைச் செய்வேன்" திட்டங்களை விரிவாக ஆராய்ந்தவர். அவரது ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டிய மாணவர்களில், எங்கே எப்போது எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அனுப்பினர். குறித்துக்கொள்ளாதவர்களிடம் அது மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. "எப்படியாவது மறக்காமல் செய்துவிடுவேன்" என்ற உறுதிமொழியில் குறி எதுவும் இல்லாததால் மூளைக்கு அதனால் பயனில்லை.

குறி இருக்கும் இடமும் முக்கியம். முந்தானை நுனியில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும் பாட்டிமார் சரியான திசையில்தான் சிந்தித்தார்கள். என்ன குறை என்றால், ஏதோ ஒன்று இருக்கிறது என்று முடிச்சு சொல்லுமே தவிர, எது என்று சொல்லாது. தையல்காரரிடம் கொடுக்க வேண்டிய ரவிக்கையைச் செருப்பின்மேல் வைத்துவிட்டால் இரண்டும் தீர்ந்துவிடும். கைபேசி அலாரத்தில் உள்ள ஆபத்தும் இடம் சார்ந்ததே: செயலைச் செய்ய முடியாத இடத்தில் அது ஒலிக்கும், நாமும் "சரி, சரி" என்று அணைத்துவிடுவோம், அதோடு குறியும் போய்விடும். உரிய இடத்தில் போய் நிற்கும்வரை அதை நிறுத்தாமல் ஒத்திப்போடுங்கள்.

நடுவில் குறுக்கீடு வந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. தாளித்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடித்தால், கரண்டியைக் கீழே வைக்காமல் கையோடு எடுத்துக்கொண்டே கதவைத் திறங்கள். வந்தவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

செய்து முடித்ததற்கும் ஓர் அடையாளம் வேண்டும். தினமும் விழுங்கும் இரத்த அழுத்த மாத்திரையை இன்று போட்டோமா, போட வேண்டும் என்று நினைத்ததோடு சரியா என்பதை மூளை எளிதில் குழப்பிக்கொள்ளும். நேற்றைய நினைவும் இன்றையதும் ஒரே சாயலில் இருக்கும். கிழமை அச்சிட்ட மாத்திரைப் பெட்டியில் இன்றைய அறை காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமானது. வேலை முடிந்ததும், அல்லது கைவிடப்பட்டதும், அதற்காக வைத்த குறியை அப்போதே எடுத்துவிடுங்கள். ஒரு வாரமாகக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் சீட்டை நம் கண்கள் படிப்பதே இல்லை.