சாட்ஸ்வொர்த்தில் பாலே பள்ளி: எங்கே சறுக்குகிறோம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் நம்மவர்கள் பாலே பள்ளி தொடங்கினால் முதலில் சறுக்குவது மேடை ஆசையில்தான். ஜனவரியில் வகுப்பு ஆரம்பிக்கும். பிப்ரவரியிலேயே ஒரு பெற்றோர் வந்து, "அக்கா, பிள்ளைய எப்ப மேடை ஏத்தப் போறீங்க?" என்பார். ஆசிரியையும் தலையாட்டிவிடுவார். அதற்குப் பிறகு அந்த வருடம் பாடம் இல்லை, ஒத்திகை மட்டுந்தான். பரதத்தில் தட்டடவை மாதக்கணக்கில் போட வைத்து, பல வருடம் கழித்து அரங்கேற்றம் என்றால் பொறுத்துக்கொள்கிற அதே குடும்பங்கள்தான் இவை. பாலேயின் வெள்ளைப் பாவாடையைக் கண்டதும் அந்தப் பொறுமை எங்கே போகிறதோ!

பேர் எடுத்தவர்களும் பாடத்தில்தான் தொடங்கினார்கள். கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியில், 'கலர்டு' (கலப்பினத்தவர் என்று அரசு வகைப்படுத்திய) மக்களின் கலை அமைப்பான ஈயோன் குழு தொடங்கியது 1933-இல். முதலில் பேச்சுப் பயிற்சி. பாலே, நாடகம் எல்லாம் அப்புறம் வந்தவை. முதல் முழு ஓபராவை மேடையேற்றியபோது வருடம் 1956. அதே கேப் டவுனின் குகுலேத்துவில் பாலே ஆட்டக்காரர் பிலிப் பாய்ட் 1991-இல் தொடங்கிய 'டான்ஸ் ஃபார் ஆல்' முதலில் பிள்ளைகளுக்கான வகுப்புதான். ஆட்டக் குழு என்பது பள்ளியில் விளைகிற அறுவடை. விதைக்கும் முன்பே அரிவாள் வாங்கக்கூடாது.

அடுத்தது தரை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று எல்லோரும் கைவைக்கிற இடம் இதுதான். கோயில் ஹாலோ சமூக ஹாலோ, நமக்குக் கிடைப்பது சிமெண்டுக்கு மேல் டைல் ஒட்டிய தரை. குதித்து இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலில் ஏறும். சிமெண்டு அதில் எதையும் வாங்கிக்கொள்ளாது. முழங்காலும் கணுக்காலும்தான் வாங்கும். "நாங்க சிமெண்டுலதான் ஆடினோம்" என்பார்கள் மூத்தவர்கள். அவர்கள் இன்று படி இறங்குவதைப் பார்த்தால் பதில் கிடைக்கும். கார்ப்பெட் அதைவிட மோசம்: பாதம் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பும், முறுக்கு முழங்காலுக்குப் போகும்.

சரியான தரை இப்படி இருக்கும்: நுரைத் துண்டுகளுக்கு மேல் மரச்சட்டம், அதற்கு மேல் பிளைவுட், எல்லாவற்றுக்கும் மேல் வழுக்காத வினைல். பலகைகளைத் தனித்தனியாகச் செய்துகொண்டால் சனிக்கிழமை ஹாலில் கல்யாணம் என்றாலும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடலாம். கைப்பிடிக் கம்பிக்குச் சுவரைத் துளைக்க வேண்டாம். கனமான காலோடு நிற்கிற பைப் போதும். நாற்காலியைப் பிடிக்கச் சொல்லாதீர்கள், சாயும். கண்ணாடி அடுத்த வருடம் வாங்கலாம், உடுப்பு கடைசியில்.

விரல் நுனியில் நிற்கப் போடுகிற கடின முனைக் காலணியான பாயிண்ட் ஷூ விஷயத்தில் அம்மாக்கள் அவசரப்படுகிறார்கள். சில வருடப் பயிற்சி முடிந்து, கணுக்காலும் இடுப்பும் பலப்பட்ட பிறகு, பொதுவாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதுவாக்கில்தான் அது. வயது வந்துவிட்டது என்பது மட்டும் போதாது. ஆசிரியை கால் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரியம்மா மகள் போட்டதை வாங்கி மாட்டுவது அதைவிடத் தவறு. அந்தக் காலணி போட்டவளின் பாதத்துக்கு வளைந்து, முனை தளர்ந்திருக்கும். பள்ளிச் சீருடையைக் கைமாற்றலாம், இதைக் கூடாது.

பரதம் படித்த பிள்ளைகள் வந்தால் ஆசிரியைகள் இரண்டில் ஒரு தவறு செய்கிறார்கள். ஒருவர் "அதை மறந்துவிடு" என்பார், இன்னொருவர் "அரைமண்டியும் பிளியேயும் ஒன்றுதான்" என்பார். அரைமண்டி பரதத்தில், பிளியே பாலேயில் முழங்கால் மடக்குவது. இரண்டிலும் கால் இடுப்பிலிருந்து திறக்க வேண்டும், முழங்காலைத் திருகிக் காட்டக்கூடாது என்பது உண்மை. ஆனால் அரைமண்டியில் உட்கார்ந்த உயரத்திலேயே நின்று தட்டுகிறோம். பிளியேயில் தங்குவதில்லை, எழும்பவும் குதிக்கவும் அது வழி. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தால் பரதப் பிள்ளை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். சூரியா கோவெண்டரின் சூரியலங்கா குழு பரதத்தையும் ஜூலு ஆட்டத்தையும் ஒரே மேடையில் நிறுத்திய ஊர் இது, பயப்பட ஒன்றுமில்லை.

சரி, காசுக்கு வருவோம். நான் உதவிக்குப் போன ஒரு பள்ளியில் கட்டணம் எல்லாம் நிறுவனர் அம்மாவின் சொந்தக் கணக்கில் விழுந்தது. அவர் ஒரு ராண்ட்கூட எடுக்கவில்லை. ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஹால் வாடகை கட்ட யாராலும் முடியவில்லை. லாப நோக்கில்லாத கம்பெனியாகப் பதிந்தால் குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வங்கியில் இரண்டு கையெழுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். சமூக வளர்ச்சித் துறையில் என்பிஓ (லாப நோக்கற்ற அமைப்பு) எண் வாங்கியதும் "நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு" என்று துண்டுச்சீட்டு அடிப்பது இன்னொரு பிழை. கொடையாளி வரிச்சலுகை கேட்க உதவுகிற 18ஏ ரசீது கொடுக்க வருமான வரித் துறையின் தனி அனுமதி வேண்டும். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அறிக்கை அனுப்பாவிட்டால் அந்த என்பிஓ எண்ணும் ஆட்டம் காணும். பிள்ளைகளோடு பழகுகிற எவரையும், பியானோ வாசிக்க வரும் மாமாவானாலும், குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பட்டியல்) சரிபார்க்காமல் உள்ளே விடாதீர்கள். தெரிந்தவர்தானே என்று விடுவது நம்மிடம் அதிகம்.

யார் காசு என்பதும் முக்கியம். ஈயோன் குழு நிறவெறி அரசின் 'கலர்டு' விவகாரத் துறையிடம் பணம் வாங்கியது. சொந்த ஜனங்களில் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். இன்று அரசு மாறிவிட்டது. ஆனாலும் தேர்தல் நேரத்தில் பேனரோடு வருகிற கொடையாளியைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

நாட்காட்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: புரட்டாசி, தீபாவளி, நவம்பர்ப் பரீட்சை மூன்றும் வரிசையாக வரும், ஆண்டு விழாவை அங்கே செருகாதீர்கள். ஒத்திகை இருட்டுவதற்குள் முடியட்டும், டாக்சி பிடித்துப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடைசியாக, பையன்களை மறந்துவிடுவது. 1928-இல் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் பிறந்த ஜோஹார் மோசவல், நிறத்தால் இங்கே மேடை மறுக்கப்பட்டு, லண்டன் போய் ராயல் பாலேயில் முதன்மை ஆட்டக்காரர் ஆனார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கரும்புத் தோட்டத்தில் விடிய விடிய ஆறடிக் கூத்து (இங்கே தெருக்கூத்துக்கு வழங்கும் பெயர்) ஆடியவர்கள் ஆண்கள், பெண் வேடம் கட்டியதும் அவர்களே. மகனை அனுப்பத் தயங்குகிற தகப்பனிடம், அவருடைய தாத்தா என்ன வேடம் கட்டினார் என்று கேட்டுப் பாருங்கள்.